ஆறு வருட விருது, ஒரே சாயங்காலம்

தொலைக்காட்சி விருது விழாவில் நீங்கள் பார்க்கிற கைதட்டல்களில் பாதி அந்த விருதுக்காகத் தட்டியது இல்லை. எடிட் டேபிளில் உட்கார்ந்து அவற்றை வெட்டி ஒட்டுகிறவன் என்கிற முறையில் சொல்கிறேன். விழா முடிந்த மறுநாள் ஹார்ட் டிஸ்க்குகள் வந்து இறங்கும். மேடையைப் பிடித்த கேமராக்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். முதல் இரண்டு வரிசைகளை மட்டும் பிடித்துக்கொண்டிருந்த கேமரா ஒன்று இருக்கும். எங்களுக்குச் சோறு போடுவது அதுதான். அதிலிருந்து சிரிப்பு தனி, கைதட்டல் தனி, கண் கலங்கியது தனி, பக்கத்து ஆளிடம் குனிந்து பேசியது தனி என்று பிரித்து வைத்துக்கொள்வோம். அப்புறம் எந்தப் பேச்சு சப்பென்று இருக்கிறதோ அங்கே ஒரு சிரிப்பு, எந்த விருதுக்கு அரங்கம் அசையவில்லையோ அங்கே ஒரு கைதட்டல்.

பெரிய ஹீரோ ஒன்பதரைக்கு வருவார், பத்தரைக்குக் கிளம்பிவிடுவார். அவர் வாங்க வேண்டியது, கொடுக்க வேண்டியது எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குள் வரிசையாக எடுக்கப்படும். ஒளிபரப்பில் அதை நாலு மணி நேரத்துக்குப் பரப்ப வேண்டும். முதல் பகுதியிலும் அவர் தெரிய வேண்டும், கடைசிப் பகுதியிலும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் ஜனங்கள் சேனலை மாற்றிவிடுவார்கள். கூர்ந்து பார்த்தால் எங்களைப் பிடித்துவிடலாம். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு ஷாட்டில் நடிகை இருப்பார், அடுத்த ஷாட்டில் தயாரிப்பாளர் இருப்பார், மூன்றாவது ஷாட்டில் நாற்காலி காலியாக இருக்கும்.

சரி, இதெல்லாம் தொழில். காசு போட்டு விழா நடத்துகிறவர்கள் டிஆர்பி பார்க்கத்தான் செய்வார்கள். எனக்குப் பொறுக்காத இடம் வேறு. ரன் ஆர்டரில், அதாவது விழாவின் நிகழ்ச்சி வரிசையில், ‘டெக்னிக்கல்’ என்று ஒரு கட்டு இருக்கும். ஒலிக்கலவை, கலை இயக்கம், ஒப்பனை, சண்டைப் பயிற்சி, படத்தொகுப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். அவற்றை நட்சத்திரங்கள் வருவதற்கு முன்பே, பாதி அரங்கம் காலியாக இருக்கும்போதே, மளமளவென்று கொடுத்து முடித்துவிடுவார்கள். வாங்குகிறவர் பட்டு வேட்டியில் வந்திருப்பார். மனைவி, பிள்ளைகள், அம்மா என்று ஒரு வரிசையே வந்திருக்கும். மைக்கைப் பிடித்துத் தன் முதல் குருநாதர் பெயரில் தொடங்கி, தட்டுத் தடுமாறி நன்றி சொல்லியிருப்பார். ஒளிபரப்பில் அவருக்குக் கிடைப்பது மூன்று விநாடி. பின்னணியில் இசையை ஓட்டி, எட்டுப் பேரைச் சேர்த்து ஒரு மாண்டேஜ். ‘மேலும் சிலர்’ என்பது போல. அந்த மூன்று விநாடியை வெட்டியதும் நான்தான் என்பதால் நியாயம் பேசும் தகுதி எனக்குக் கொஞ்சம் குறைவு. ஆனாலும் பேசுகிறேன்.

ஏனென்றால் இதற்கு நேர் எதிரான ஒரு விழா நம்மிடம் இருக்கிறது: தமிழ்நாடு அரசு திரைப்பட விருதுகள். பார்க்க அலுப்பாக இருக்கும். ஜிம்மி ஜிப் என்கிற கிரேன் கேமரா பறக்காது, நடனம் கிடையாது, தொகுப்பாளர் ஜோக் அடிக்க மாட்டார். பெயரை வாசிப்பார்கள், ஆள் மேடையேறுவார், பதக்கம், சான்றிதழ், ஒரு போட்டோ, அடுத்தவர். ஆனால் அந்தப் பட்டியலைப் பாருங்கள். நடிகர், நடிகை, இயக்குநரோடு நிற்பதில்லை. சண்டைப் பயிற்சியாளர், நடன ஆசிரியர், ஒப்பனைக் கலைஞர், தையற்கலைஞர், பின்னணிக் குரல் கொடுத்தவர் ஆணில் ஒருவர், பெண்ணில் ஒருவர். தையற்கலைஞர்! நடிகைக்கு அளவெடுத்து ரவிக்கை தைத்த ஆளை மேடைக்குக் கூப்பிட்டுத் தங்கப் பதக்கம் போடுகிற விழா. டப்பிங் தியேட்டரின் இருட்டில் நின்று வேறொருத்தியின் உதட்டுக்குத் தன் குரலைக் கொடுத்துவிட்டுப் போகிற பெண்ணுக்கு, தேசிய விருதிலேயே இடம் கிடையாது. இங்கே இருக்கிறது. இந்தப் பட்டியலை வகுத்தவர்களுக்கு சினிமா எப்படி உருவாகிறது என்று தெரிந்திருக்கிறது.

தெரியாமல் எப்படி இருக்கும்? 1967இல் இந்த விருது தொடங்கியபோது ஆட்சிக்கு வந்தவர்களே படங்களுக்குக் கதை, வசனம் எழுதியவர்கள். அண்ணா, கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜானகி, ஜெயலலிதா என்று ஸ்டூடியோ வாசல் மிதித்த பலர் இங்கே முதலமைச்சர்களாக இருந்திருக்கிறார்கள். இந்தியாவில் வேறெந்த மாநிலத்துக்கும் இப்படி ஒரு வரிசை இல்லை. அப்படிப்பட்ட மாநிலத்தில் அரசு சினிமா விருது வருடம் தவறாமல் நடந்திருக்க வேண்டும் இல்லையா? நடக்கவில்லை. எழுபதுகளில் சில வருடங்கள் விருதே இல்லை. 1977இல் எம்.ஜி.ஆர். வந்த பிறகு திரும்பவும் தொடங்கி, அவர் காலத்திலேயே எண்பதுகளில் மறுபடி நின்றது. விட்டு விட்டுத்தான் ஓடியிருக்கிறது.

அதில் ஓர் உச்சம், 2017 ஜூலை 13. அன்றைக்கு 2009 முதல் 2014 வரை ஆறு வருடங்களுக்கான திரைப்பட விருதுகளை ஒரே அறிவிப்பில் வெளியிட்டார்கள். சின்னத்திரை விருதுகளும் 2009 முதல் 2013 வரை மொத்தமாக. அந்த மாதத் தொடக்கத்தில்தான் ஜிஎஸ்டியும் போட்டு, அதற்கு மேல் 30 சதவீதம் உள்ளாட்சி கேளிக்கை வரியும் போட்டதை எதிர்த்துத் தியேட்டர்களை இழுத்து மூடியிருந்தார்கள். அடுத்த வாரமே விருது மழை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால், எனக்குத் தேதி மட்டும்தான் தெரியும். அப்புறம் மேடை எப்போது? இன்னும் ஐந்து வருடம் கழித்து, 2022 செப்டம்பர் 4. இடம் கலைவாணர் அரங்கம். செய்தித் துறை அமைச்சர் மு.பெ.சாமிநாதன் வழங்கினார். கருணாநிதி ஆட்சியில் எடுத்த படத்துக்கு, பழனிசாமி ஆட்சியில் அறிவித்து, ஸ்டாலின் ஆட்சியில் கையில் கொடுத்த விருது. ஒரு பதக்கம் மூன்று முதலமைச்சர்களைத் தாண்டி வந்திருக்கிறது, நடுவில் இருந்த ஜெயலலிதா, பன்னீர்செல்வம் காலத்தைக் கணக்கில் எடுக்காமலே.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். ஆனால் இதில் எல்லாமே ஆறிப் போகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். தங்கம் ஆறவில்லை. கலைஞர்களுக்குக் கொடுத்தது 5 பவுன் பதக்கம். 2009இல் பவுன் 12,000, 13,000 என்ற கணக்கில் இருந்தது. அன்றைக்கே கொடுத்திருந்தால் அறுபதாயிரத்துச் சொச்சம் பெறும். 2022 செப்டம்பரில் பவுன் 37,000க்கு மேல். அதே 5 பவுன் ஒன்றே முக்கால் லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆக, தாமதத்தில் நடிகருக்கும் தையற்கலைஞருக்கும் லாபம். நஷ்டம் யாருக்கு என்றால் தயாரிப்பாளருக்கு. சிறந்த படத்துக்கான முதல் பரிசு ரொக்கம் 2 லட்சம். அது 2009 படத்துக்கும் 2 லட்சம், 2014 படத்துக்கும் 2 லட்சம். பதிமூன்று வருடத்தில் அந்த 2 லட்சம் என்ன ஆனது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தத் தயாரிப்பாளர்கள் யார் என்று பார்த்தால்தான் எரிச்சல் கூடுகிறது. ஆறு வருடங்களின் சிறந்த படங்களை வரிசையாகச் சொல்கிறேன்: பசங்க, மைனா, வாகை சூட வா, வழக்கு எண் 18/9, இராமானுசன், குற்றம் கடிதல். ஒன்றாவது உச்ச நட்சத்திரம் நடித்த படமா? பாதிக்கு மேல் புதுமுகங்கள். ஒவ்வொரு ஊரிலும் நாலு நாள் தாக்குப் பிடிக்குமா என்று பயந்துகொண்டே வெளியிட்ட படங்கள். இந்தத் தேர்வைச் செய்த குழுக்களுக்கு ஒரு கும்பிடு போடலாம். ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் உட்கார்ந்து, சின்னப் படங்களைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். ஆனால் சின்னப் படத்துக்கு விருது உதவுவது அந்த வருடம்தான். போஸ்டரில் ‘தமிழக அரசின் சிறந்த படம்’ என்று ஒரு வரி போட்டால் இன்னும் நாலு தியேட்டர் கிடைக்கும், சாட்டிலைட் உரிமை பேசும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம், இயக்குநருக்கு அடுத்த தயாரிப்பாளரின் அலுவலகத்தில் காத்திருக்கும் நேரம் குறையும். பெரிய படத்துக்கு இதெல்லாம் தேவையே இல்லை. குறைந்த செலவில் எடுத்த தரமான படங்களுக்கான 7 லட்சம் மானியமும் இதே போலத்தான் வருடக்கணக்கில் தேங்கித் தேங்கி வந்தது.

பசங்க பாண்டிராஜின் முதல் படம். 2022இல் விழா நடந்தபோது அவர் சூர்யாவை வைத்து எடுத்த படம் வெளியாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. ‘இந்த ஆளை நம்பலாம்’ என்று ஊருக்குச் சொல்ல அவருக்கு இனி எந்த விருதும் தேவை இல்லை. அந்தப் படத்தில் நடித்த கிஷோரும் ஸ்ரீராமும் சிறுவர்களாக இருக்கும்போதே 2010இல் டெல்லி கூப்பிட்டு தேசிய விருது கொடுத்துவிட்டது. சென்னை தன் சிறந்த படத்தை மேடையேற்றியபோது அந்தப் பையன்கள் இருபதுகளில். கிஷோர் நடுவில் கோலி சோடாவில் முக்கிய வேடம் செய்து, அந்தப் படமே பழசாகிவிட்டது. டெல்லிக்கு ஒரு வருடம் போதும் என்றால், கோடம்பாக்கத்துக்கும் கோட்டைக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைக் கடக்க என்ன ஆகிவிடப்போகிறது?

வருடம் என்கிற விஷயத்தில் இன்னொரு குழப்பம் உண்டு. என் மச்சான் உட்படப் பலபேர் கேட்டிருக்கிறார்கள். குற்றம் கடிதலும் காக்கா முட்டையும் 2015இல்தானே தியேட்டருக்கு வந்தன, எப்படி 2014 விருது? ஐஸ்வர்யா ராஜேஷுக்கு 2014இன் சிறந்த நடிகை விருது காக்கா முட்டைக்குத்தான். இறுதிச்சுற்று 2016 ஜனவரியில் வந்தது, மாதவனுக்கோ 2015க்கான விருது. காரணம் எளிது: விருதுக்கு வருடம் என்பது தணிக்கைச் சான்றிதழ் வாங்கிய வருடம், வெளியான வருடம் அல்ல. படவிழாக்களுக்கு முன்னாலேயே போய்விட்டு வருகிற படங்களுக்கு இது வழக்கம். சூடாக அறிவித்தால் யாருக்கும் குழப்பம் வராது. எட்டு வருடம் கழித்து அறிவித்தால் எல்லாருமே கூகுளில் தேதி தேட வேண்டியிருக்கிறது.

தாமதத்தால் போனது பணம் மட்டும் இல்லை, சண்டையும் போனது. விருது என்றால் சண்டை வேண்டும். ‘இவனுக்குப் போய்க் கொடுத்திருக்கான் பாரு’ என்று நாலு நாள் புகைய வேண்டும். அந்தப் புகைச்சலில்தான் ஒரு வருடத்தின் படங்களை மறுபடி எடுத்து வைத்துப் பேசுகிறோம். ராவணனுக்கு விக்ரம், ராஜா ராணிக்கு ஆர்யா, நயன்தாரா, காவியத் தலைவனுக்கு சித்தார்த். ஒவ்வொன்றுக்கும் அந்தந்த வருடம் வரிந்து கட்டிக்கொண்டு எதிர்க்கவும் ஆதரிக்கவும் ஆள் இருந்திருப்பார்கள். 2017இல் ஆறு பட்டியலையும் ஒரே பக்கத்தில் அச்சடித்தபோது, யாருக்கும் சண்டை போடத் தெம்பு இல்லை. தங்களுக்குத் தெரிந்த பெயர் இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட்டார்கள். நானும் அப்படித்தான் புரட்டினேன். படத்தொகுப்பாளர்கள் பெயரை மட்டும் நின்று படித்தேன், தொழில் புத்தி.

அக்கம்பக்கத்தைப் பார்க்கலாம். கேரளத்தில் மாநில விருது 1969இல் தொடங்கியது, நமக்கு இரண்டு வருடம் பின்னால். 1998இல் சலச்சித்ர அகாடமி என்று ஒன்றை அமைத்துப் பொறுப்பை அதன் கையில் கொடுத்தார்கள். விருதுகளும் படவிழாவும் தொலைக்காட்சி விருதுகளும் அதன் வேலை. கொரோனா நேரத்தில், 2021 ஜனவரியில், திருவனந்தபுரத்தில் விழா நடத்தினார்கள். முதலமைச்சர் பினராயி விஜயன் கையில் எடுத்துக் கொடுக்கவில்லை. மேசையில் வைத்திருந்த விருதை அவரவரே எடுத்துக்கொள்ள வேண்டும். கலைஞர்களை அவமதித்துவிட்டார்கள் என்று அதற்கும் அங்கே பெரிய சண்டை. இருக்கட்டும், சண்டை போடுவதற்கு விழா நடந்ததே! ஆந்திரத்தின் நந்தி விருது 1964லிருந்து நடந்தது. 2017 நவம்பரில் அவர்களும் மூன்று வருட விருதை ஒன்றாக அறிவித்து வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். தெலங்கானா 2025இல் மக்கள் பாடகர் கத்தர் பெயரில் புதிதாகத் தொடங்கி, விட்டுப்போன பத்து வருடங்களுக்கும் சேர்த்துக் கணக்கை முடித்தது. அரியர் வைப்பதில் நாம் தனியாக இல்லை என்று வேண்டுமானால் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். இங்கே 2015க்கான விருது 2024 மார்ச்சில் கைக்கு வந்தது. தனி ஒருவன் சிறந்த படம். சிறந்த நடிகை ஜோதிகா, 36 வயதினிலே.

கேரளத்தில் நடப்பதற்குக் காரணம் அவர்கள் நம்மைவிடச் சினிமாவை நேசிக்கிறார்கள் என்பதல்ல. அங்கே அது ஒரு அலுவலகத்தின் வருடாந்தர வேலை. இங்கே செய்தித் துறையின் நூறு வேலைகளில் ஒன்று. குழு போட ஒரு கோப்பு, அறிக்கை ஏற்க ஒரு கோப்பு, முதலமைச்சர் தேதி கேட்டு ஒரு கோப்பு. நடுவில் தேர்தல் வந்தால் நன்னடத்தை விதி, ஆட்சி மாறினால் மறுபடி முதலிலிருந்து. போன ஆட்சி தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்த ஆட்சி ஏன் விழா எடுக்க வேண்டும் என்று எங்கேயும் யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். கோப்பு அப்படியே இருந்துவிடும், அவ்வளவுதான். 2022இல் அதைத் தூசி தட்டி எடுத்து, வேறு ஆட்சி அறிவித்த பட்டியலை மாற்றாமல் அப்படியே கொடுத்தது உண்மையிலேயே நல்ல காரியம். அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

இனி என் வயிற்றுப்பாட்டுக்கு வருகிறேன். சின்னத்திரை.

சினிமாவுக்குத் தாமதமான விருது பழங்கஞ்சி என்றால், சீரியலுக்கு அது கிடைக்காமலே போன சாப்பாடு. ஒரு கணக்குப் போடுங்கள். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 260 எபிசோடு. விளம்பரம் போக ஒரு எபிசோடு இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரே ஒரு சீரியலின் ஒரு வருடத்தைப் பார்க்கவே தொண்ணூறு மணி நேரம் ஆகும். பத்து சீரியல் போட்டியில் இருந்தால் தொள்ளாயிரம் மணி. எந்தத் தேர்வுக் குழுவும் இதை முழுதாகப் பார்க்க முடியாது. கொடுக்கிற சில எபிசோடுகளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த வருடமே கேட்டால் அந்தச் சில எபிசோடுகளாவது கிடைக்கும். நாலைந்து வருடம் கழித்துக் கேட்டால்? 2009, 2010 காலத்தில் பல இடங்களில் இன்னும் பீட்டா டேப்தான். டேப் விலை அதிகம். ஒளிபரப்பானதும் அதன் மேலேயே அடுத்ததைப் பதிவு செய்துவிடுவார்கள். நானே அப்படி எத்தனையோ அழித்திருக்கிறேன், சொன்னார்கள் செய்தேன். சினிமாவில் விருது தாமதமானாலும் படம் இருக்கும், எடுத்துப் பார்க்கலாம். சீரியலில் விருது வந்து சேரும்போது, எதற்காக விருதோ அதுவே இருக்காது.

அந்த வருடங்களில் அம்மா வேடங்களில் நடித்து, அரசு விருதும் வாங்கிய ஓர் அக்காவை எனக்குப் பழக்கம். விழாவுக்குப் பிறகு ஒரு நாள் போன் செய்தார். ‘தம்பி, குடும்பத்துல எல்லாரும் சேர்ந்து ஒரு சின்ன விசேஷம் வச்சிருக்காங்க. எனக்கு அவார்டு வந்துச்சுல்ல, அந்த சீரியல்ல இருந்து ஒரு ரெண்டு நிமிஷம் ஓட்டணும்னு பசங்க ஆசைப்படுறாங்க. ஆஸ்பத்திரி சீன் ஒண்ணு வருமே, அதைக் கொஞ்சம் எடுத்துக் குடு.’ சரிக்கா என்று சொல்லிவிட்டேன். சீரியலை ஒளிபரப்பிய சேனலில் கேட்டால், அந்தக் காலத்து லைப்ரரியில் அது இல்லை. தயாரித்த கம்பெனி வேறு தொழிலுக்குப் போய்விட்டது. கடைசியில் யூடியூபில் யாரோ ஒரு புண்ணியவான் ஏற்றி வைத்திருந்தது அகப்பட்டது. டிவியிலிருந்து பதிவு செய்த மங்கலான பிரதி. காப்புரிமையில் மாட்டாமல் இருக்கப் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டிருந்தார். சுற்றிலும் சிவப்புச் சட்டம், மூலையில் வேறு ஏதோ சேனல் லோகோ. அக்காவின் முந்தானை வலது தோளில் கிடந்தது. பின்னால் ஆஸ்பத்திரிப் பெயர்ப்பலகையின் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவது போல வலமிருந்து இடமாக ஓடின.

திருப்பிப் போட்டு, சட்டத்தை வெட்டி, லோகோவை மங்கலாக்கி, நிறத்தை ஒரு மாதிரி தேற்றினேன். வேகத்தையும் கொஞ்சம் கூட்டி வைத்திருந்தார்கள், குரல் கீச்சென்று இருந்தது. அதையும் இறக்கிச் சரிசெய்தேன். கைதட்டல், பின்னணி இசை எதுவும் சேர்க்கவில்லை. அனுப்பிய பத்து நிமிடத்தில் அக்காவிடமிருந்து போன்.

‘நல்லா இருக்கு தம்பி. குரல் அப்படியே அவ குரலு.’

‘யார் குரலுக்கா?’

‘எனக்கு டப்பிங் பேசின பொண்ணு. நம்ம குரல் கரகரன்னு இருக்குன்னு அப்ப டைரக்டர் வேற ஆளை வச்சுப் பேசவிட்டார்ல. அழுததுல பாதி அவதான். அவளுக்கும் ஒரு காப்பி அனுப்பிடு, நம்பர் தர்றேன் எழுதிக்கோ.’

எழுதிக்கொண்டேன். அனுப்பியும் விட்டேன். நீலக் குறி வந்தது, பிறகு ஒரு குரல் பதிவு: இந்த சீரியலில் இன்னும் மூன்று பேருக்குத் தான் பேசியிருப்பதாகவும், அவையும் எங்காவது கிடைக்குமா என்றும் கேட்டிருந்தார். தேடிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் யாராவது அந்தக் காலத்து சீரியல்களைப் பதிவு செய்து வைத்திருந்தால் சொல்லுங்கள். சிடியோ, டேப்போ, எதுவானாலும் சரி, எழுத்து ஓடுகிற டைட்டில் கார்டோடு இருந்தால் ரொம்ப நல்லது.